அமிலத்தன்மைக்கு ஏற்ப மாறும் ஏற்றத் தூரிகைகள்: வன்னி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி அறிவியல் நகரிலும் வவுனியா பம்பைமடுவிலும் உள்ள பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகள் இந்த விடயத்தைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் சிலரும் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதை விட ஒரே இடத்தில் எழுதி வைப்பது பலருக்கும் உதவும். இதிலுள்ள கணக்குகள் எல்லாவற்றையும் சாதாரண கல்குலேற்றரில் போட்டுப் பார்க்கலாம். தயவுசெய்து போட்டுப் பாருங்கள். வாசிப்பதால் மட்டும் இந்த விடயம் பிடிபடாது.

பல்பகுதியத் தூரிகை என்றால் என்ன?

ஒரு தளத்தில் நீளமான பல்பகுதிய (பொலிமர்) சங்கிலிகளின் ஒரு முனையை மட்டும் பிணைத்து விடுகிறோம். மற்ற முனை நீருக்குள் சுதந்திரமாக இருக்கும். சங்கிலிகள் தூரத் தூர இருந்தால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் சுருண்டு கிடக்கும். நெருக்கமாக இருந்தால் பக்கத்தில் இடமில்லாமல் மேல்நோக்கி நீளும். நெருக்கமாக விதைத்த வயலில் நெற்பயிர் நெடுநெடுவென்று எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள், அதுபோல. அந்த நீண்ட நிலையைத்தான் தூரிகை என்கிறோம். உயரம் பெரும்பாலும் சில நனோமீற்றரிலிருந்து சில நூறு நனோமீற்றர் வரை இருக்கும்.

ஏற்றம் (மின்னேற்றம்) இல்லாத தூரிகைக்கான எளிய கொள்கையை அலெக்ஸாண்டர் 1977 இலும் டி ஜென் 1980 இலும் தந்தார்கள். 1988 இல் மில்னர், விற்றன், கேற்ஸ் மூவரும் தூரிகைக்குள் அடர்த்தி சீராக இருப்பதில்லை, பரவளைவு வடிவில் வெளிநோக்கிக் குறைகிறது என்று காட்டினார்கள். ஏற்றமுள்ள தூரிகைக்கு பிங்கஸ் 1991 இல் எழுதிய கட்டுரை இன்றும் நல்ல தொடக்கம்.

இதில் அமிலத்தன்மை எங்கே வருகிறது?

சங்கிலியில் என்ன கூட்டம் (அணுத்தொகுதி) இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சல்போனிக் அமிலக் கூட்டமாக இருந்தால், வழமையான பி.எச் பெறுமானங்களில் முழுவதும் அயனாகியே இருக்கும். அதன் ஏற்றம் நிலையானது. பொலிஅக்கிரிலிக் அமிலத்தைப் போல காபொட்சிலிக் கூட்டமாக இருந்தால் கதை வேறு. பி.எச் குறைந்தால் ஐதரசன் அயனைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும், கூடினால் விட்டுவிடும். அமீன் கூட்டமுள்ள மூலத் தூரிகைகள் இதற்கு எதிர்த்திசையில் நடக்கும்.

முதல் வகையை வன்மையான தூரிகை என்றும், இரண்டாவதை மென்மையான தூரிகை என்றும் சொல்லலாம். இந்தப் பக்கம் முழுவதும் இரண்டாவதைப் பற்றியது.

ஹென்டர்சன்–ஹசல்பாக் சமன்பாட்டில் பி.எச்சைப் போட்டால் ஏற்றம் வந்துவிடாதா? ஏன் இவ்வளவு பாடு?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். அந்தச் சமன்பாடு, பி.எச் தெரிந்தால் எவ்வளவு பங்கு கூட்டங்கள் அயனாகியிருக்கும் என்று தருவது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

ஒரு தளத்தில் 10 சதுர நனோமீற்றருக்கு ஒரு சங்கிலி என்று வையுங்கள். ஒவ்வொரு சங்கிலியிலும் 100 அமிலக் கூட்டங்கள். தூரிகையின் உயரம் 15 நனோமீற்றர். ஆக, ஒரு சங்கிலிக்கு 150 கன நனோமீற்றர் கனவளவு. அதற்குள் 100 கூட்டம் என்றால் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 1.1 மோல். இது மிகப் பெரிய செறிவு. வெளியே கரைசலில் லீற்றருக்கு 10 மில்லிமோல் உப்பு, பி.எச் 6. கூட்டத்தின் பி.கே.ஏ, அதாவது பாதிக் கூட்டங்கள் அயனாகும் பி.எச், 4.5.

ஹென்டர்சன்–ஹசல்பாக்கை நேராகப் போட்டால் 97 சதவீதக் கூட்டங்கள் அயனாகியிருக்கும் என்று வரும். அதை நம்பி அடுத்த படிக்குப் போவோம். தூரிகைக்குள் இவ்வளவு எதிரேற்றம் இருந்தால், அதைச் சமப்படுத்த நேரயன்கள் உள்ளே வரவேண்டும். உள்ளே–வெளியே அயன் சமநிலையிலிருந்து ஒரு மின்னழுத்த வேறுபாடு உருவாகும். 1911 இல் டொனன் விளக்கிய சமநிலை இதுதான். சூத்திரம் எளிது: தூரிகையிலுள்ள நிலையான ஏற்றத்தின் செறிவை, உப்புச் செறிவின் இருமடங்கால் வகுத்து, அதன் நேர்மாறு அதிபரவளைவுச் சைனை (கல்குலேற்றரில் sinh⁻¹) எடுங்கள். 25 பாகை செல்சியசில் அதை 25.7 மில்லிவோல்ற்றால் பெருக்கினால் டொனன் அழுத்தம் வரும் (இந்தப் பக்கத்தில் அழுத்தம் என்றால் மின்னழுத்தம்; தள்ளும் விசையைச் சொல்லும்போது அமுக்கம் என்றே எழுதுகிறேன்). நம் எடுகோளில் அது ஏறத்தாழ 120 மில்லிவோல்ற்று, எதிர்க்குறியுடன்.

சரி, அந்த அழுத்தம் நேரயன்களை உள்ளே இழுக்கிறது என்றால், ஐதரசன் அயனையும் அதேயளவு இழுக்கும் அல்லவா? 120 மில்லிவோல்ற்று என்பது ஐதரசன் அயன் செறிவு உள்ளே நூறு மடங்குக்கு மேல் கூடுவது. வெளியே பி.எச் 6, உள்ளே 4! பி.எச் 4 இல், பி.கே.ஏ 4.5 உள்ள கூட்டம் 97 சதவீதம் அயனாகி இருக்கவே முடியாது, 23 சதவீதம்தான் வரும். 23 சதவீதத்தைப் போட்டு மறுபடி அழுத்தத்தைக் கணித்தால் அழுத்தம் குறைகிறது, அயனாதல் 56 சதவீதத்துக்கு ஏறுகிறது. பிறகு 34, 46, 38, 43 என்று ஆடி ஆடி 41 இல் வந்து நிற்கும். அந்த இடத்தில் டொனன் அழுத்தம் 98 மில்லிவோல்ற்று, உள் பி.எச் 4.3. மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

97 என்று நினைத்தது 41 ஆகிவிட்டது. சிறு திருத்தம் அல்ல இது, பாதிக்கு மேல் போய்விட்டது. மென்மையான தூரிகையில் ஏற்றம் என்பது நாம் உள்ளே போடும் எண் அல்ல, கணக்கின் முடிவில் வெளியே வரும் எண். எந்த மாதிரியைக் கையில் எடுத்தாலும் இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். இந்தப் பொறிமுறைக்கு ஏற்ற ஒழுங்காக்கம் என்று பெயர். புரதங்களுக்கு லின்டர்ஸ்ட்ரோம்-லாங் 1924 இலேயே இந்த எண்ணத்தைக் கொண்டுவந்தார். தளங்களுக்கிடையிலான விசைக்கு நின்ஹாமும் பர்சேஜியனும் 1971 இல் அதைப் பொருத்தினார்கள்.

கணனியில் செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மேலே சொன்ன ஆட்டம், அயனாதல் பின்னம் சிறிதாக இருக்கும்போது மிக மெதுவாகவே அடங்கும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய பெறுமானத்தை அப்படியே எடுக்காமல், பழையதையும் புதியதையும் கூட்டி இரண்டால் வகுத்து எடுங்கள். நாலைந்து சுற்றில் முடிந்துவிடும்.

உப்புப் போட்டால் ஏற்றம் மறைக்கப்பட்டு தூரிகை சுருங்கும் என்றுதானே படித்தோம்?

வன்மையான தூரிகைக்கு அது சரி. மென்மையானதற்குப் பாதிதான் சரி.

அதே தூரிகையை எடுத்து, உயரத்தை 15 நனோமீற்றரிலேயே பிடித்து வைத்துக்கொண்டு உப்பை மட்டும் மாற்றுவோம். லீற்றருக்கு 1 மில்லிமோல் உப்பில் 16 சதவீதக் கூட்டங்களே அயனாகின்றன. 10 மில்லிமோலில் 41. 100 மில்லிமோலில் 78. 1 மோலில் 95. உப்புக் கூடக் கூட டொனன் அழுத்தம் தணிகிறது. உள்ளே இழுபட்டிருந்த ஐதரசன் அயன்களின் இடத்தைச் சோடியம் எடுத்துக்கொள்கிறது. கூட்டங்கள் அதிகமாக அயனாகின்றன.

இனி உள்ளிருக்கும் அயன்களின் பிரசாரண அமுக்கத்தைப் பாருங்கள். தூரிகையை வீங்க வைப்பதும் எதிர்த் தூரிகையைத் தள்ளுவதும் அதுதான். அதே நான்கு செறிவுகளில் அது முறையே 0.4, 1.1, 1.7, 0.6 மெகாபஸ்கல். ஏறிப் பின் இறங்குகிறது. 1 மெகாபஸ்கல் என்பது ஏறத்தாழ 10 வளிமண்டல அமுக்கம், ஆகவே இவை சின்ன எண்களும் அல்ல. எல்லாக் கூட்டமும் எப்போதும் அயனாகியிருக்கும் வன்மையான தூரிகைக்கு இதே கணக்கு 2.7, 2.7, 2.3, 0.7 என்று தருகிறது. அங்கே எண்கள் ஏறுவதே இல்லை, இறங்குவது மட்டும்தான்.

உயரத்தை மாறவிட்டால் இதே போக்கு உயரத்திலும் தெரியும். சுலீனா, பிர்ஷ்ரைன், போரிசோவ் மூவரும் 1995 இல் எழுதிய கொள்கை இதை விதியாகவே தருகிறது: உப்புக் குறைந்த பகுதியில் மென்மையான தூரிகையின் உயரம் உப்புச் செறிவின் கனமூலத்தோடு கூடும்; உப்பு மிகுந்த பகுதியில் அதே கனமூலத்துக்கு நேர்மாறாகக் குறையும். இன்னொன்றும் அதிலிருந்து வருகிறது. உப்புக் குறைந்த பகுதியில் சங்கிலிகளை மேலும் நெருக்கமாகப் பதித்தால் மென்மையான தூரிகை உயராது, தாழும். நெருக்கம் கூடும்போது அயனாதல் அந்தளவுக்கு விழுந்துவிடுகிறது. முதல்முறை இதைக் கண்டபோது எனக்கு வந்த மகிழ்ச்சி உங்களுக்கும் வரவேண்டும் என்றுதான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

இரண்டு தூரிகைகள் ஒன்றையொன்று நெருங்கும்போது என்ன நடக்கும்?

மூன்று கட்டங்களாகப் பிரித்து யோசிப்பது எளிது.

தூரிகைகளின் வெளி விளிம்புகளுக்கு இடையே இன்னும் நீர் இருக்கும்போது, ஒவ்வொன்றையும் சூழ்ந்த அயன் முகில்கள் மட்டும்தான் சந்திக்கின்றன. அந்த முகிலின் தடிப்பு டெபாய் நீளம். ஒற்றை ஏற்ற உப்பு லீற்றருக்கு 10 மில்லிமோல் இருந்தால் அது 3 நனோமீற்றர், 100 மில்லிமோலில் ஒரு நனோமீற்றர் அளவு. ஆனையிறவுக் கடல்நீரேரி போன்ற உவர் நீரில் அரை நனோமீற்றரும் தேறாது. இந்தக் கட்டத்தில் அமுக்கத்தைக் கணிப்பதற்கு அழகான ஒரு வழி உண்டு: இரண்டு தூரிகைகளும் ஒரே மாதிரியானவை என்றால், நட்டநடுத் தளத்தில் மின்புலம் பூச்சியம். ஆகவே அங்குள்ள அழுத்தம் தெரிந்தால் போதும், நடுத்தளத்தில் அயன் செறிவு வெளியை விட எவ்வளவு கூடியிருக்கிறதோ அதற்கு விகிதசமமானதே தள்ளும் அமுக்கம். தூரிகைக்குள் ஏற்றம் ஒழுங்காகிறதா, நிலையானதா என்பதெல்லாம் அந்த நடு அழுத்தத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

ஓஷிமா ஜப்பானிலிருந்து இந்தக் கட்டத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அவர் காட்டியதில் முக்கியமானது: தூரிகை டெபாய் நீளத்தை விடத் தடித்ததாக இருந்தால், அதன் ஆழத்தில் அழுத்தம் டொனன் பெறுமானத்திலேயே கட்டுண்டு கிடக்கும். மற்றத் தூரிகை நெருங்குவது ஆழத்துக்குத் தெரியாது. மென்மையான தூரிகைக்கும் இது பொருந்துகிறது. ஆழத்தில் உள்ள கூட்டங்களின் அயனாதலும் அசையாது. மாற்றமெல்லாம் விளிம்பை ஒட்டிய டெபாய் நீளம் அளவுப் பகுதியில்தான்.

இரண்டாவது கட்டம் தொடுகை. இரு விளிம்புகளும் முட்டிய பிறகு மேலும் தள்ளினால் தூரிகைகள் ஒன்றுக்குள் ஒன்று புகலாம், அல்லது அமுங்கலாம். ஏற்றத் தூரிகைகள் பெரும்பாலும் அமுங்கவே விரும்பும். உள்ளே அடைபட்ட அயன்களின் பிரசாரண அமுக்கம் புகுதலை எதிர்க்கிறது. எலும்பு மூட்டின் குருத்தெலும்பில் அக்ரிக்கன் என்ற ஏற்றமுள்ள பெருமூலக்கூறு பாரம் தாங்குவதில் இந்த அமுக்கத்துக்கு முக்கிய பங்கு உண்டு. ஏற்றத் தூரிகை பூசிய இரு தளங்கள், பெரிய பாரத்தின் கீழும் மிகக் குறைந்த உராய்வுடன் வழுக்குவதை ராவிவ், கிளைன் குழுவினர் 2003 இல் அளந்து வெளியிட்டார்கள்.

மூன்றாவது கட்டம் அமுக்கம். நம் பழைய தூரிகையையே எடுங்கள். லீற்றருக்கு 10 மில்லிமோல் உப்பு, உயரம் 15 இலிருந்து 7.5 நனோமீற்றருக்கு அமுக்கப்படுகிறது. கூட்டங்களின் செறிவு இருமடங்காகிறது. ஏற்றம் நிலையானது என்று நினைத்து 41 சதவீதத்தையே வைத்திருந்தால் அயன் அமுக்கம் 1.1 இலிருந்து 2.2 மெகாபஸ்கலுக்கு ஏறும். உண்மையில் என்ன நடக்கிறது? செறிவு கூட அழுத்தம் கூடுகிறது, ஐதரசன் அயன்கள் மேலும் உள்ளே வருகின்றன, அயனாதல் 31 சதவீதத்துக்கு இறங்குகிறது. அமுக்கம் 1.7 மெகாபஸ்கலில் நிற்கிறது. தூரிகை தன் ஏற்றத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நெருக்குதலைத் தாங்குகிறது. ஆகவே மென்மையான தூரிகைகளின் தள்ளுகை, ஏற்றம் மாறாது என்ற எடுகோளில் வரும் வளையிக்குக் கீழேயும், அழுத்தம் மாறாது என்ற எடுகோளில் வரும் வளையிக்கு மேலேயும் இருக்கும்.

மேலே சொன்னது அயன்களின் பங்கு மட்டும். சங்கிலியின் மீள்தன்மை, ஒருபகுதியங்கள் ஒன்றையொன்று தள்ளுவது ஆகிய இரண்டையும் சேர்த்தால்தான் முழு விசை வரும்.

ஒரு பக்கம் அமிலத் தூரிகை, மறுபக்கம் மூலத் தூரிகை என்றால்?

அங்கே கவர்ச்சி வரும், ஆனால் எல்லாப் பி.எச்சிலும் அல்ல. பி.எச் மிகக் குறைவென்றால் அமிலத் தூரிகை ஏற்றமிழந்து கிடக்கும். மிகக் கூடவென்றால் மூலத் தூரிகை ஏற்றமிழக்கும். இடைப்பட்ட பி.எச்சில் இரண்டும் ஏற்றத்துடன் இருக்கும், ஒட்டிக்கொள்ளும். பி.எச்சை மாற்றினால் கழன்றுவிடும். விரும்பியபோது ஒட்டவும் கழற்றவும் கூடிய ஒட்டுதலுக்கு இதைப் பயன்படுத்தும் ஆய்வுகள் உண்டு.

ஏற்ற ஒழுங்காக்கம் இங்கே எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஒரே வகைத் தூரிகைகள் நெருங்கும்போது ஏற்றம் குறைந்தது. இங்கோ ஒன்றின் அழுத்தம் மற்றதை மேலும் அயனாக்குகிறது. நெருங்க நெருங்க இரண்டும் ஏற்றம் கூட்டிக்கொள்கின்றன. அதோடு, இரு தூரிகைகளும் ஒன்றையொன்று சமப்படுத்தியதால் வேலையிழந்த சிறு அயன்கள் கரைசலுக்கு வெளியேறும். அவற்றின் எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) கூடுவதே கவர்ச்சியின் பெரும் பகுதி. கூலோமின் விதியை மட்டும் வைத்து இதை விளங்கப் பார்த்தால் ஏமாற்றம்தான்.

எந்த மாதிரியில் தொடங்குவது?

டொனன் அழுத்தம், சீரான பெட்டி போன்ற தூரிகை, ஹென்டர்சன்–ஹசல்பாக்: இந்த மூன்றோடு தொடங்குங்கள். மேலே நான் போட்ட கணக்குகள் எல்லாம் அதுதான். உயரத்தைக் கண்டுபிடிக்க, சங்கிலியின் மீள்விசையையும் அயன் அமுக்கத்தையும் சமப்படுத்தினால் போதும்.

அடுத்த படி பொய்சன்–போல்ற்ஸ்மன் சமன்பாடு. மின்னழுத்தமும் அயன் செறிவும் இடத்துக்கு இடம் எப்படி மாறுகின்றன என்று தருவது அது. தளத்துக்குச் செங்குத்தான ஒரே திசையில் எழுதி, ஒவ்வோர் இடத்திலும் உள்ள பி.எச்சுக்கு ஏற்ப அந்த இடத்துக் கூட்டங்களை அயனாக்க வேண்டும். விளிம்புப் பகுதியில் நடப்பது இதில்தான் ஒழுங்காகத் தெரியும்.

அதற்கு மேல் தன்னிசைவுப் புலக் கொள்கை: சங்கிலிகளின் பரவலையும் அவை உணரும் புலத்தையும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை கணிப்பது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் ஷொய்ற்ஜன்ஸ், ஃபிளேர் இருவரும் உருவாக்கிய, இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணிக்கும் முறை பலராலும் பயன்படுத்தப்படுகிறது. சங்கிலிகளின் எல்லா வடிவங்களையும் எண்ணிச் சேர்க்கும் ஸ்லெய்ஃபரின் மூலக்கூற்றுக் கொள்கையும் மென்மையான தூரிகைகளுக்கு மிகப் பொருத்தமானது. கடைசியில் உருவகப்படுத்தல்: எழுமாற்று எண்களைப் பயன்படுத்தும் மொன்ரி கார்லோ முறையில் ஒவ்வொரு கூட்டத்தையும் அயனாக்கியும் மீட்டும் பார்ப்பது. 'எஸ்பிரெசோ' என்ற இலவச மென்பொருளில் இதற்கான வசதி இருக்கிறது.

நேரே உருவகப்படுத்தலில் குதிக்க ஆசை வரும். வேண்டாம் என்பதே என் கருத்து. பெட்டி மாதிரியில் விடை எவ்வளவு வரவேண்டும் என்று தெரியாமல் உருவகப்படுத்தினால், வந்த விடை சரியா பிழையா என்று சொல்ல உங்களிடம் எதுவும் இருக்காது.

வன்னித் தண்ணீருக்கும் இதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, அதுவும் கல்சியம் வழியாக. எங்கள் ஊர்க் கிணற்று நீரைக் கேத்திலில் கொஞ்ச நாள் கொதிக்க வையுங்கள். அடியிலும் சூடாக்கும் கம்பியிலும் வெள்ளையாகக் கல் பிடிக்கும். தேசிக்காய்ப் புளி விட்டால் நுரைத்துக் கழன்றுபோகும். அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. அந்த நீரில் சோடியத்தோடு கணிசமான கல்சியமும் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

கல்சியம் இரட்டை ஏற்றமுள்ளது. டொனன் சமநிலையில் ஒற்றை ஏற்ற அயன் 45 மடங்கு செறிந்தால், இரட்டை ஏற்ற அயன் 45 இன் வர்க்கமாக, 2000 மடங்கு செறிய முனையும். நீரில் கொஞ்சமாக இருந்தாலும் தூரிகைக்குள் கல்சியமே ஆட்சி செய்யும். அதற்கு மேல், ஒரு கல்சியம் இரண்டு காபொட்சிலிக் கூட்டங்களைப் பாலமாகப் பிணைக்கவும் கூடும். அப்போது தூரிகை வீங்குவதற்குப் பதிலாகச் சரிந்து சுருங்கும். எதிரெதிரான இரு தூரிகைகளையும் அதே பாலம் இணைத்துவிடலாம். தள்ளவேண்டிய இடத்தில் ஒட்டுதல் வரும்.

எளிய பொய்சன்–போல்ற்ஸ்மன் கொள்கைக்கு இந்தப் பாலம் தெரியாது. அயன்கள் ஒன்றோடொன்று கொண்டிருக்கும் தொடர்பையும் அது பார்ப்பதில்லை. ஆகவே சோடியம் குளோரைட்டுக்கு எழுதிய நிரலில் ஏற்றத்தை மட்டும் இரண்டாக மாற்றிவிட்டுக் கிணற்று நீரைக் கணித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. கல்சியம் பிணைவதை இன்னொரு இரசாயனச் சமநிலையாகவே சேர்க்கவேண்டும்.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. சிறுநீரக நோய்ப் பயத்தால் வவுனியாப் பக்கத்திலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் சுத்திகரித்த நீரையே பலர் நம்பியிருக்கிறார்கள். அந்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களில் உள்ள பொலியேமைட்டு மென்சவ்வின் மேற்பரப்பிலும் காபொட்சிலிக் கூட்டங்கள் இருக்கின்றன. நீரிலுள்ள சேதனப் பொருட்களிலும் அவை இருக்கின்றன. இரண்டையும் கல்சியம் பாலம் போட்டு இணைக்கும்போது சவ்வில் அழுக்குப் படை இறுகுகிறது. அது தூரிகை அல்லத்தான். ஆனால் மேலே பேசிய அயனாதல், அழுத்தம், பாலம் எல்லாம் அங்கேயும் அப்படியே வரும். வன்னியிலிருந்து யாராவது இந்தக் கணக்கை எடுத்துச் செய்யவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

பரிசோதனையில் எப்படிச் சரிபார்க்கிறார்கள்?

விசையை அளக்க இரண்டு கருவிகள். ஒன்று, மைக்காத் தகடுகள் இரண்டுக்கு இடையிலான விசையை அளக்கும் மேற்பரப்பு விசைக் கருவி. இஸ்ரேலச்விலியும் அடம்ஸும் 1978 இல் அதைத் திரவத்துக்குள் அளக்கக்கூடியதாக்கினார்கள். மற்றது அணுவிசை நுணுக்குக்காட்டி, அதன் முனையில் சிறு கோளம் ஒட்டி அளப்பது. அம்முறையை டக்கர், செண்டன், பஷ்லி 1991 இல் காட்டினார்கள். உயரத்தை எலிப்சோமானியாலும் (தெறித்த ஒளியிலிருந்து படலத்தின் தடிப்பை அறியும் கருவி) நியூத்திரன் தெறிப்பாலும் அளக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். வளைந்த தளங்களில் அளக்கும் விசையை ஆரையால் வகுத்தால் வருவது அமுக்கம் அல்ல. தட்டையான இரு தளங்களுக்கு இடையிலான, பரப்பலகுக்கான சக்திக்கு விகிதசமமான கணியம். உங்கள் கொள்கை அமுக்கத்தைத் தந்தால், தூரத்தின்மேல் தொகையிட்ட பிறகே ஒப்பிடவேண்டும்.

ஆய்வுகூட வசதி இல்லாமல் இங்கிருந்து செய்யலாமா?

தாராளமாக. பெட்டி மாதிரிக்கும் ஒரு திசைப் பொய்சன்–போல்ற்ஸ்மனுக்கும் பழைய மடிகணனியும் பைத்தனும் போதும். ஒரு வளையி சில விநாடிகளில் வந்துவிடும். கரண்ட் நின்றாலும் பெரிய இழப்பில்லை. உருவகப்படுத்தலுக்குத்தான் நீண்ட நேரம் ஓடும் கணனி வேண்டும்; அதற்கு இடையிடையே நிலையைச் சேமித்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படி நிரலை எழுதிக்கொள்ளுங்கள்.

உயர்தரத்தில் என்ன படித்திருக்க வேண்டும்?

சேர்ந்த கணிதத்தில் வகையீடு, தொகையீடு. இரசாயனவியலில் அயன் சமநிலையும் தாங்கல் கரைசலும். பௌதிகவியலில் மின்புலம், அழுத்தம். உயிரியல் பிரிவுப் பிள்ளைகளும் வரலாம், கணிதத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கவேண்டி வரும்.

கணக்கு முடிந்ததும் சரியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எல்லைகளில் பாருங்கள். பி.எச்சை மிகக் கூட்டினால் உங்கள் மென்மையான தூரிகை வன்மையான தூரிகையின் விடையைத் தரவேண்டும். பி.எச்சை மிகக் குறைத்தால் ஏற்றமில்லாத தூரிகையின் விடைக்கு வரவேண்டும். உப்பை மிகக் கூட்டினால் அயனாதல், ஹென்டர்சன்–ஹசல்பாக் தரும் பெறுமானத்தை நெருங்கவேண்டும். இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் நிரலில் எங்கோ பிழை.

ஐதரசன் அயனையும் உப்புக் கணக்கில் சேர்த்தீர்களா என்று பாருங்கள். பி.எச் 3 இல் அதுவே லீற்றருக்கு 1 மில்லிமோல். அங்கே 'உப்பே இல்லாத கரைசல்' என்று ஒன்று கிடையாது. பரிசோதனையோடு ஒப்பிடும்போது, திறந்து வைத்த காய்ச்சி வடித்த நீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைப் பிடித்து பி.எச் 5.6 அளவுக்கு இறங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மென்மையான தூரிகைக்கு அந்த வித்தியாசமே பெரிது.

சக்தியைக் கணிப்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஏற்றத்தையும் அழுத்தத்தையும் பெருக்கிப் பாதி எடுத்தால் மின்சக்தி என்று பழகியிருப்போம். ஏற்றம் ஒழுங்காகும் தூரிகையில் அது மட்டும் போதாது. கூட்டங்கள் அயனாவதற்கான இரசாயனச் சக்தியையும், அயனான கூட்டங்களும் ஆகாதவையும் கலந்திருப்பதன் எந்திரப்பியையும் சேர்க்கவேண்டும். அப்படிச் சேர்த்த சக்தியைத் தூரத்தால் வகையிட்டு வரும் அமுக்கமும், நடுத்தளத்து அயன் செறிவிலிருந்து நேராகக் கணித்த அமுக்கமும், தூரிகைகள் தொடாத தூரங்களில் ஒன்றாக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே வரைபில் வரைந்து, வளையிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று பார்த்த பிறகே அடுத்த பி.எச்சுக்குப் போங்கள்.